பவுடர் போடு நைனா

(வியாசர்பாடியில் மூத்த கேரம் ஆட்டக்காரர்கள் கூடிய மாலையில் பேசியது)

மேடையில் இருக்கும் அண்ணன்மார்களே, எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, இவன் எப்போது முடிப்பான், எப்போது போர்டைப் போடலாம் என்று பார்த்துக்கொண்டிருக்கும் நண்பர்களே, எல்லாருக்கும் வணக்கம்.

எனக்குக் கொடுத்த தலைப்பு ‘கேரமும் உடல்நலமும்’. அதை ஒரு டாக்டரைக் கூப்பிட்டுப் பேசச் சொல்லுங்கள். நான் நம்ம வாயைப் பற்றிப் பேசப்போகிறேன். இந்தப் பக்கத்தில் கேரம் பாதி விரலால், பாதி வாயால்தான் ஆடப்படுகிறது.

போன மாதம் காலேஜ் படிக்கிற தம்பி ஒருவன் ஆட வந்தான். கொஞ்ச நேரம் நின்று பார்த்தான். பிறகு என்னை ஓரமாகக் கூப்பிட்டு, “சார், இவங்களுக்குள்ள ஏதாவது பழைய தகராறா?” என்று கேட்டான். அவன்மேல் தப்பில்லை. அவன் காதில் விழுந்தது இதுதான்.

ஒருவர் சிவப்புக் காயை, அதாவது ரெட்டைப் போட்டார். ரெட் நிற்க வேண்டுமென்றால் உடனே இன்னொரு காய் போட வேண்டும், அதுதான் ஃபாலோ. அது போகவில்லை, காய் குழி வாய் வரைக்கும் போய் நின்றுவிட்டது. எதிரே இருந்தவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். “ரெட்டைக் கூட்டினு வந்து நடுத்தெருவுல நிக்க வச்சிட்டியே நைனா, ஃபாலோ இன்னா உன் மச்சானா வந்து போடுவான்?”

“மச்சானுக்குக் கண்ணு ஆபரேஷன். கண்ணு நல்லா இருந்தும் காய் தெரியாத ஆளு நீ. அவரைப் பேசாதே.”

“பவுடர் போடு பவுடர் போடுன்னு சொன்னேனே, கேட்டியா?”

“நீதான் இருக்கற பவுடரை எல்லாம் மூஞ்சில போட்டுனு வந்துட்டியே!”

தம்பிக்கு இது சண்டை. அந்தப் போர்டு முடிந்ததும் அதே ஆள் மெதுவாக, “மச்சானுக்கு எந்த ஆஸ்பத்திரி, சொட்டு மருந்து ஒழுங்கா வுடறாரா?” என்று கேட்டதை அவன் கவனிக்கவில்லை. நேராக ‘வீட்டில் எல்லாரும் சௌக்கியமா’ என்று கேட்டால் ‘சௌக்கியம்’ என்ற ஒரு பதில்தான் வரும். கலாய்த்தால் ஆஸ்பத்திரி வரைக்கும் சேதி வருகிறது.

நம் ஊருக்கும் இந்த ஆட்டத்துக்கும் உள்ள உறவை நான் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. சர்வதேச கேரம் சம்மேளனம் 1988இல் இந்தச் சென்னையில்தான் தொடங்கியது. 1991இலும் 1995இலும் உலகச் சாம்பியன் ஆன மரிய இருதயம் நம்ம சென்னைக்காரர். அர்ஜுனா விருது வாங்கியவர். இதே வியாசர்பாடியில் வளர்ந்த இளவழகி 2008இல் உலகச் சாம்பியன். 2024இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் புதுவண்ணாரப்பேட்டைப் பெண் காசிமா, ஆட்டோ ஓட்டுநர் மகள், மூன்று தங்கம் வாங்கி வந்தார். ஊரே கொண்டாடியது. நம்ம ஆட்கள் அதை எப்படிக் கொண்டாடினார்கள் தெரியுமா? “அந்தப் பொண்ணு மூணு தங்கம் எடுத்துனு வந்துச்சு. உன்னால மூணு காய் சேர்ந்தாப்ல போட முடியல, தாத்தான்னு கூப்பிட்டா மட்டும் கோவம் வருது!”

போட்டி ஆட்டத்தில் இதெல்லாம் நடக்காது. அங்கே வாயை மூடிக்கொண்டு ஆட வேண்டும். உட்கார்ந்த பிறகு நாற்காலியை நகர்த்தக் கூடாது. ஸ்ட்ரைக்கர் 15 கிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. 25 புள்ளி எடுத்தால், அல்லது எட்டு போர்டு ஆனால் ஆட்டம் முடிந்தது. ரெட்டுக்கு மூன்று புள்ளிதான். கருப்பு பத்து, வெள்ளை இருபது, ரெட் ஐம்பது என்று எண்ணி வளர்ந்த நம்ம பெரிசுகளால் இந்தக் கடைசி விதியை மட்டும் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை. “அம்பது ரூபா சரக்கை மூணு ரூபாய்க்கு இறக்கிட்டானுங்க, இது இன்னா நியாயம்?” என்று கேட்பவர் இதோ இரண்டாவது வரிசையில் இருக்கிறார். கையைத் தூக்க வேண்டாம் அண்ணே, எல்லாருக்கும் தெரியும்.

கலாய்ப்பதற்கும் நம்மிடம் விதி உண்டு. எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான். கை நடுக்கம், கண்ணாடி, சுகர், வழுக்கை, எல்லாம் பேசலாம். ஸ்ட்ரைக்கர் எகிறிப் போய்ச் சுவரில் அடித்தால், “பதினஞ்சு கிராமுக்கு இவ்ளோ முக்கினா, சிலிண்டர் தூக்கச் சொன்னா இன்னா பண்ணுவே?” என்று கேட்கலாம். பிள்ளை பணம் அனுப்புகிறானா என்று கேட்கக் கூடாது. மருமகளைப் பேசக் கூடாது.

இன்னொன்று, யார் சொல்லலாம் என்பது. பி அண்ட் சி துணி மில்லில் வேலை பார்த்தவர்கள் இங்கே சிலர் இருக்கிறீர்கள். மில் 1996இல் மூடியது. அதன் பிறகு ஒவ்வொரு வீட்டிலும் என்ன நடந்தது என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஒரு நாள் ஒருவர் சுலபமான கட் ஷாட்டை விட்டார். எதிரே இருந்தவர், “நீ வேலை செஞ்ச லட்சணத்தைப் பார்த்துத்தான்டா மில்லையே மூடினான்” என்றார். போர்டைச் சுற்றி இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். விட்டவர்தான் அதிகமாகச் சிரித்தார். காரணம், சொன்னவரும் அதே மில், அதே ஷிப்ட். அதையே ஹார்பர் பென்ஷன் வாங்குகிற ஒருவர் சொல்லியிருந்தால் அன்றைக்கு ஆட்டம் அங்கேயே நின்றிருக்கும். அடிபட்டவன்தான் அந்த அடியை வைத்து விளையாடலாம். இந்த நுணுக்கத்தை நம்மில் எவரும் உட்கார்ந்து படிக்கவில்லை, ஆனால் ஒருத்தரும் தப்பு விட்டு நான் பார்த்ததில்லை.

இப்போது நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். நம்ம நண்பர் ஒருவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை சரியாக வரவில்லை. பல மாதம் கழித்து, மகன் வண்டியில் கொண்டுவந்து விட்டான். இடது கையால் ஆட உட்கார்ந்தார். எல்லாருக்கும் மனசு இளகிவிட்டது. “வாங்கண்ணே, உட்காருங்கண்ணே, நீங்களே பிரேக் பண்ணுங்கண்ணே.” வாடா போடா என்று பேசிக்கொண்டிருந்த இடத்தில் திடீரென்று மரியாதை! எதிரே ஆடியவர் கண்ணை மூடிக்கொண்டே பேக் ஷாட் போடுகிற ஆள். அவர் குழி வாயில் இருக்கிற காயைத் தொடர்ந்து விட்டுக்கொண்டிருந்தார். ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

நண்பர் ஸ்ட்ரைக்கரைப் போர்டில் வைத்தார். கொஞ்சம் குழறலோடுதான் பேசினார், ஆனால் எல்லாருக்கும் புரிந்தது: “டேய், கை போனது எனக்கா, உனக்கா?”

எதிரே இருந்தவருக்கு முகம் சிவந்துவிட்டது. ஒரு நிமிஷம் யோசித்தார். “லெஃப்ட்டுல இன்னிக்குத்தானே ஆரம்பிச்சிருக்கே? ஜூனியர்ல பேர் குடுத்துட்டு வா, அப்புறம் என்கிட்டப் பேசு” என்றார். அப்பாடா என்று சுற்றி நின்றவர்கள் மூச்சு விட்டார்கள். அதற்கப்புறம் நடந்த போர்டில் நண்பருக்கு ஒரு காய்கூட விழவில்லை. முழுசாகத் தோற்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மகனுக்குக் காத்திருக்காமல் ஷேர் ஆட்டோ பிடித்து வந்துவிட்டார்.

இளைஞர்கள் சிலர் இங்கே நிற்கிறீர்கள், உங்களுக்குச் சொல்கிறேன். பெரியவர்கள் என்று எங்களுக்கு வழி விட்டு, வணக்கம் வைத்து, வெள்ளையை விட்டுக்கொடுத்து ஆடாதீர்கள். அது மரியாதை மாதிரி தெரியும். எங்களுக்கு அது ‘உன் ஆட்டம் முடிந்தது’ என்று சொல்வதாகத்தான் கேட்கிறது. வாயைத் திறந்து பேசுங்கள். எங்களுக்குத் திருப்பிக் கொடுக்கத் தெரியும்.

நேரம் ஆகிவிட்டது என்று செயலாளர் சீட்டு அனுப்பிவிட்டார். அடுத்து அண்ணன் பேச வருகிறார். அவர் ஆட்டத்தில் எனக்குத் தர வேண்டிய மைனஸ் காய், அதாவது அபராதக் காய், இன்னும் பாக்கி இருக்கிறது. பேசி முடித்து உட்காரும்போது பழக்கதோஷத்தில் நாற்காலியை முன்னால் இழுப்பார். நடுவர் யாராவது இருந்தால் பார்த்துக்கொள்ளுங்கள்.