டெல்லியில வேப்பம்பூ பறிக்கப் போறீங்களா? முதல்ல இலைக்காம்பைப் பாருங்க

வணக்கம். சித்திரை ஒண்ணாம் தேதி பச்சடிக்கு வேப்பம்பூ வேணும்னு ஆர்.கே.புரம், மயூர் விஹார் பக்கமெல்லாம் நம்ம ஆளுங்க கீழ பார்க்ல போய்ப் பறிக்கிறாங்க. பறிக்கிறது வேம்புதானா? இதோ நிக்குது பாருங்க, இது வேம்பு இல்ல, இந்தியில பகாயின்னு சொல்ற வேற மரம். தமிழ்ல மலைவேம்புன்னு சொல்லுவாங்க. ஊர்ல பிளைவுட்டுக்கு வளக்கிற மரத்துக்கும் அதே பேருதான், ஆனா அது வேற இனம். அதனால பேரை நம்பாதீங்க.

பகாயின் மார்ச்லயே பூக்க ஆரம்பிச்சிடும், வேம்பு இங்க அதுக்குப் பின்னாடிதான். அதனாலதான் ஏமாறுறோம்.

பகாயின் இலையை நுனியில மட்டும் கிள்ளிப் பாத்தா அசல் வேப்பிலை மாதிரியே இருக்கும். கிளையில ஒட்டுற இடத்துலேர்ந்து முழுசா ஒடிங்க. வேம்புல நடுக்காம்பு ஒண்ணுதான், ரெண்டு பக்கமும் இலை நேரா அதுலயே ஒட்டியிருக்கும். ஒவ்வொண்ணும் அரிவாள் மாதிரி வளைஞ்சிருக்கும். இதுல பாருங்க, நடுக்காம்புலேர்ந்து குட்டிக் காம்பு பிரியுது, அதுலதான் இலை. சிலதுல அதுவும் மறுபடி பிரியும். முழு இலை ஒரு முழம் கூட வரும்.

பூ: வேம்புக்கு வெள்ளை. இதுக்கு இளம் ஊதா இதழ், நடுவுல கரு ஊதாவுல ஒரு குழாய். கீழ உதிர்ந்து காய்ஞ்சதைப் பொறுக்காதீங்க. நிறம் வெளுத்திருக்கும், ஒப்பிட்டுப் பாக்க இலையும் இருக்காது.

பழம்தான் ஆபத்து. வேப்பம்பழம் நீள்உருண்டை, மழைக்காலத்துல பழுத்துக் கொட்டிடும். பகாயின் பழம் கோலிக்குண்டு மாதிரி உருண்டை, மஞ்சள். ஜனவரியில இலையெல்லாம் கொட்டின மொட்டை மரத்துலயும் கொத்துக் கொத்தாத் தொங்கும். உள்ள வரி வரியா ஒரு கொட்டை. அதைக் கோத்து ஜபமாலை பண்ணுறதும் உண்டு.

பகாயின் பழத்துல இருக்கிற விஷம் மீலியாடாக்சின். மரத்துக்கு மரம் அளவு மாறும். அதனால 'குருவி தின்னுதே, பக்கத்து வீட்டுப் பையன் தின்னும் ஒண்ணும் ஆகலையே'ங்கிற கணக்கு இங்க செல்லாது. தின்னு சில மணி நேரம் கழிச்சுத்தான் வாந்தி, வயித்துப்போக்கு வரும். முத்தினா தள்ளாட்டம், வலிப்பு, மூச்சுத்திணறல். நாய்க்கும் இதே கதி. குழந்தை தின்னுட்டா உப்புத்தண்ணி குடுத்து வாந்தி எடுக்க வைக்காதீங்க. பழத்தையும் ஒரு இலையையும் பையில போட்டுக்கிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க. எய்ம்ஸ்ல தேசிய நச்சுத் தகவல் மையம் இருக்கு, டாக்டர்கிட்ட அதைச் சொல்லலாம்.

நம்ம பக்கத்து மரம்தான் இது. நிழலுக்கும் அழகுக்கும்னு அமெரிக்கத் தென்மாநிலங்களுக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் கொண்டுபோனாங்க. பறவை விதையைப் பரப்பி, அங்கெல்லாம் ஆத்தங்கரையைப் பிடிச்சிடுச்சு. வெட்டினாலும் அடிமரத்துலயும் வேர்லயும் துளிர்க்கும். உங்க தொட்டியில கன்னு முளைச்சா, ஒரு கொட்டைக்குள்ள பல விதை இருக்கிறதால கும்பலா வரும். மண்ணை நல்லா நனைச்சுட்டு, ஒரு சாண் தாண்டுறதுக்குள்ள வேரோட பிடுங்கிடுங்க.