வயிற்றுக்குக் காவல் ரத்தம்

அவையோருக்கு வணக்கம். ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் தோல் பதனிடும் வேலை தெரிந்தவர்கள் இங்கே இருப்பீர்கள். தோலை ஆசிட் தொட்டியில் ஊறவைக்கும் 'பிக்கிள்' போடும்போது முதலில் உப்பு, பிறகுதான் ஆசிட். உப்பில்லாமல் ஆசிட் விட்டால் தோல் ஊதிக் கெட்டுவிடும். அந்தத் தொட்டியிலேயே அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 3-ஐ ஒட்டித்தான் இருக்கும். நம் இரைப்பையிலோ 1, 2. ஓர் எண் குறைந்தால் அமிலத்தன்மை பத்து மடங்கு. தினமும் சுமார் 2 லிட்டர் சுரந்தும் இரைப்பை ஏன் வெந்துபோகவில்லை?

பிரியாணி உள்ளே போகிறது. கறியின் புரதம் உடைந்து இரைப்பையின் கீழ்ப்பகுதியில் பட்டதும், அங்குள்ள ஜி செல்கள் காஸ்ட்ரின் ஹார்மோனை ரத்தத்தில் விடுகின்றன. எட்கின்ஸ் என்ற ஆய்வாளர் 1905-லேயே சொன்னது. நெடுநாள் யாரும் நம்பவில்லை. காஸ்ட்ரின் ஹிஸ்டமின் என்ற தூதுப் பொருளை வரவழைக்கும், அது பட்டதும் ஆசிட் சுரக்கும் பரைட்டல் செல்லின் புரோட்டான் பம்புகள் ஓடும். பி.எச். 3-க்குக் கீழே இறங்கினால் சோமடோஸ்டேட்டின் என்ற இன்னொரு ஹார்மோன் வந்து காஸ்ட்ரினை அடக்கும்.

இனிதான் விஷயம். பம்பு ஒரு ஹைட்ரஜன் அயனியை இரைப்பைக்குள் தள்ளும்போதெல்லாம், செல்லின் பின்பக்கமாக ஆசிட்டை முறிக்கும் ஒரு பைகார்பனேட் ரத்தத்தில் இறங்குகிறது. அந்த ரத்தம் மேலே ஏறி, உட்பரப்புச் செல்களுக்கு அதைக் கொடுத்துவிட்டுப் போகிறது. ஆசிட் செய்கிற செல்லே அதற்கு முறிவையும் அனுப்புகிறது! இந்த ரத்த ஓட்டத்தைக் குறையாமல் காப்பது புராஸ்டாகிளாண்டின். பிறந்த இடத்திலேயே வேலை செய்யும் ஹார்மோன் மாதிரி.

வலி மாத்திரையான டைக்ளோஃபெனாக் தடுப்பது இந்தப் புராஸ்டாகிளாண்டினைத்தான். "மாத்திரை வயித்தைக் கெடுக்குது, ஊசி போடுங்க டாக்டர்" என்பார்கள். ஊசியில் போனாலும் ரத்தம் வழியாக அதே தடுப்புதான். விபத்தில் ரத்தம் நிறைய இழந்தவருக்கு அட்ரினலின், வாசோபிரசின் ஆகிய ஹார்மோன்கள் வயிற்றின் ரத்தக்குழாய்களைச் சுருக்கும். ஆசிட் துளியும் கூடாமலே உட்பரப்பு அரிக்கத் தொடங்கும். அதே சுருக்கம் ஈரல் நோயாளி ரத்த வாந்தி எடுக்கும்போது கைகொடுக்கிறது: வாசோபிரசினின் தம்பியான டெர்லிபிரசினைத்தான் ஏற்றுகிறோம்.

ஆசிட்டைக் குறைக்கும் பாண்டோபிரசோல் மாத்திரையை, சாப்பாடு முடிந்து கை கழுவியபின் விழுங்கினால் பாதி வீண். அது ஓடும் பம்பைத்தான் பிடிக்கும். சாப்பாட்டுக்கு அரைமணி முதல் ஒரு மணி நேரம் முன்பே ரத்தத்தில் ஏற வேண்டும். மாதக்கணக்கில் போட்டுவிட்டு திடீரென நிறுத்தினால், ஏறிக் கிடக்கும் காஸ்ட்ரின் சில வாரம் எரிச்சலைக் கிளப்பும். நோய் திரும்பிவிட்டது என்று பயந்து நீங்களே மறுபடி தொடங்காமல், மருத்துவரிடம் கேட்டு மெல்லக் குறையுங்கள். மலம் தார்போலக் கறுத்தால் உள்ளே ரத்தம் கசியலாம்; அப்போது மட்டும் ஒருநாள்கூடப் பொறுக்காமல் மருத்துவரிடம் போங்கள். இரும்புச்சத்து மாத்திரையும் கறுப்பாக்கும். அதைப் போடுகிறீர்களா என்பதையும் மறக்காமல் சொல்லிவிடுங்கள்.