வீடும் இல்லை, வண்டியும் இல்லை

நடுவர் ஐயாவுக்கு வணக்கம், எதிரணிக்கு வணக்கம். மற்றவர்களுக்கு உரிய வணக்கத்தை வடை சாப்பிடும் இடத்தில் நேரில் சொல்லிக்கொள்கிறேன். வடை ஆறிக்கொண்டிருக்கிறது.

போன மாதம் சங்கத்து ஆட்கள் பஸ் பிடித்து இங்கிலாந்தின் லிங்கன்ஷைர் போய், இரண்டாம் உலகப் போர் விமானத்தளங்களைப் பார்த்துவிட்டு வந்தார்கள். அதனால் வந்த வினைதான் இன்றைய தலைப்பு: அந்த விமானிகளின் நினைவைக் காப்பாற்றுவது அருங்காட்சியகமா, குடும்பத்துப் பேச்சா? நான் குடும்பத்துப் பேச்சு. உண்மையைச் சொன்னால், எந்தப் பக்கம் கொடுத்திருந்தாலும் வந்திருப்பேன்.

எதிரணித் தோழி கணக்காகக் கொட்டினார். பாம்பர் கமாண்டில், அதாவது பிரிட்டனின் குண்டு வீசும் விமானப்படையில், பறந்தவர்கள் சுமார் 1,25,000 பேர், அதில் செத்தவர்கள் 55,573 பேர், லிங்கன் நகரத்துக்கு மேலே குன்றில் அவர்களுக்கு ஒரு நினைவு மையம், அங்கே 31 மீட்டர் உயரத் தூண், லங்காஸ்டர் என்ற குண்டுவீச்சு விமானத்தின் இரண்டு இறக்கையையும் விரித்தால் என்ன நீளமோ அதே அளவு. எல்லாம் சரி, ஒன்றையும் மறுக்கவில்லை. ஆனால் முடிக்கும்போது என்னைப் பார்த்து ஒன்று சொன்னார் பாருங்கள். "குடும்பத்துப் பேச்சு இவர் படுக்கை போட்டு ஊர் சுற்றுகிற கேம்ப்பர் வேன் மாதிரி. வீடும் இல்லை, வண்டியும் இல்லை."

கைதட்டினீர்கள். முதலில் தட்டியது என் மனைவி. அதையும் பார்த்தேன்.

அம்மா தாயே, வீடும் இல்லாத வண்டியும் இல்லாத ஒன்றை நீங்களே போன மாதம் டிக்கெட் வாங்கிப் பார்த்துவிட்டு வந்தீர்களே! லங்காஸ்டருக்குள்ளே என்ன இருக்கிறது? ஏழு பேர். எட்டு மணி நேரம். ஒருவர் ஓட்டுவார், பக்கத்தில் ஒருவர் இன்ஜினைப் பார்ப்பார், ஒருவர் திரையை இழுத்துவிட்டுக்கொண்டு விளக்கைப் போட்டு மேப் பார்ப்பார் (என் வேனில் அது என் மனைவி, வழி தப்பினால் திரையைத் திறக்கவே மாட்டார்). ஃபிளாஸ்கில் காபி. நடுவில் படுக்க ஒரு கட்டில். ஹீட்டர் காற்று ரேடியோக்காரர் பக்கத்தில் வரும், அவருக்கு வேர்க்கும், வால் பக்கம் இருப்பவர் விறைத்துப் போவார். என் வேனிலும் ஹீட்டர் அப்படியேதான். அப்புறம் கடைசியில், வாலுக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு கக்கூஸ்.

சிரிக்காதீர்கள், என் கட்சியே அங்கேதான் இருக்கிறது.

வேன் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். ஊர் சுற்றலாம், நட்சத்திரம் பார்க்கலாம், ஆனால் இரண்டு நாளைக்கு ஒரு முறை அந்த டாய்லெட் டப்பாவைக் கையில் தூக்கிக்கொண்டு போய்க் கொட்ட வேண்டும். கொட்டுகிற இடத்துக்கு இந்த நாட்டு கேம்ப் சைட்டுகளில் எல்சான் பாயிண்ட் என்று பெயர். காலை எட்டு மணிக்கு அங்கே வரிசை நிற்கும். டாக்டர், கண்டக்டர் எல்லாரும் ஒரே டப்பாவோடு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல். இப்படிச் சமத்துவம் நான் கோயிலில்கூடப் பார்த்ததில்லை.

நாலு வருஷத்துக்கு முன்னால் லிங்கன்ஷைரில் அந்த வரிசையில் நிற்கிறேன். எனக்கு முன்னால் ஒரு வெள்ளைக்காரப் பாட்டி, எழுபதைத் தாண்டியவர். அங்கே இருந்த 'எல்சான்' போர்டைப் பார்த்துத் தனக்குத் தானே சிரிக்கிறார். ஏன் என்று கேட்டேன். "எங்கப்பாவுக்கு ஜெர்மன்காரன்மேல் இருந்த கோபம்கூடத் தீர்ந்துவிட்டது, இந்தப் பெயர்மேல் இருந்த கோபம் சாகும்வரை தீரவில்லை" என்றார்.

லங்காஸ்டரில் இருந்த கக்கூஸும் எல்சான்தான்! அதே பெயர்! அவருடைய அப்பா வால் துப்பாக்கிக்காரர். ஏழு பேரில் அதற்குப் பக்கத்து வீட்டுக்காரர் அவர்தான். எதிரி விமானம் துரத்தினால் பைலட் கார்க்ஸ்க்ரூ என்று ஒன்று போடுவார், பாட்டில் மூடி திருகுவதுபோல விமானத்தைச் சுழற்றிக் கீழே பாய்ச்சி, மறுபடி மேலே தூக்குவார். பைலட்டுக்குப் பெல்ட் உண்டு. எல்சானுக்கு ஏது பெல்ட்?

பின்வரிசைக்குக் கேட்டதா? மறுபடி சொல்கிறேன். எல்சானுக்குப் பெல்ட் கிடையாது. விமானம் பாய்கிறது. உள்ளே இருப்பது வெளியே வருகிறது. தப்பித்து விடிகாலை தரை இறங்கியதும் மற்றவர்கள் ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்துக்கொள்வார்களாம், இவரை மட்டும் பத்தடி தள்ளி நின்று வாழ்த்துவார்களாம். பாட்டி இதைச் சொல்லி முடித்தபோது வரிசையே டப்பாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தது. உடனே பின்னால் நின்றவர், "என் தாத்தாவும்தான்" என்று ஆரம்பித்தார். அவர் தாத்தா யார்க்‌ஷைரில், போக்லிங்டன் தளத்தில், 102ஆம் ஸ்குவாட்ரன், அதாவது விமானப் படைப்பிரிவு. நடுவர் ஐயா யாழ்ப்பாணத்துக்காரர், கவனிக்கவும், விமானம் வாங்கப் பணம் கொடுத்த ஊரின் பெயரால் அந்தப் படைக்கு சிலோன் ஸ்குவாட்ரன் என்றே பெயர். எங்கள் ஊருக்கும் உண்டு, 234, 264 இரண்டும் மெட்ராஸ் பிரசிடென்சி ஸ்குவாட்ரன்கள். நம் ஊர்ப் பணமும் அந்த வானத்தில் பறந்திருக்கிறது.

இப்போது தோழிக்கு ஒரு கேள்வி. விமானிகள் பறந்த விவரம் எழுதும் லாக் புக்கைக் கண்ணாடிப் பெட்டியில் பார்த்தீர்கள். இரவுத் தாக்குதல் என்றால் சிவப்பு மையில் எழுதுவார்கள், பகல் என்றால் பச்சை. அன்றைய இரவுக்கு என்ன எழுதியிருக்கும்? ஊர் பெயர், பறந்த நேரம், ஒரே வரி. எல்சான் அதில் இருக்கிறதா? பத்தடி தள்ளி நின்றது இருக்கிறதா?

குடும்பத்துப் பேச்சு வாய்க்கு வாய் வளரும் என்றும் தோழி சொன்னார், ஒத்துக்கொள்கிறேன். தாத்தா சுட்டது ஒரு விமானம், மகன் சொல்லும்போது மூன்று, பேரன் வாயில் ஒரு படையே விழும். வளரட்டுமே, குழந்தையும் வளர்கிறது. இன்னொன்று, நீங்கள் போன ஈஸ்ட் கிர்க்பி விமான அருங்காட்சியகத்தைத் தொடங்கியது யார்? பான்டன் என்று இரண்டு சகோதரர்கள், கோழிப்பண்ணை வைத்திருந்தவர்கள். அவர்களுடைய அண்ணன் கிறிஸ்டோபர் 1944 மார்ச் 30ஆம் தேதி இரவு ஜெர்மனியின் நியூரம்பர்க்மேல் குண்டு போடப் போனார், திரும்பவில்லை. தம்பிகள் அண்ணனைப் பற்றிப் பேசிப் பேசி, மனம் ஆறாமல், 1983இல் ஒரு முழு லங்காஸ்டரையே விலைக்கு வாங்கினார்கள். இன்றைக்கும் அது அந்த ஓடுதளத்தில் நாலு இன்ஜினும் உறும ஊர்ந்து வருகிறது. உங்கள் அருங்காட்சியகத்தைப் பெற்றதே எங்கள் பேச்சுதான், தாயே!

மணி அடிக்கிறார். இரண்டு நிமிடம் ஐயா.

அந்தப் பாட்டி அன்று சாயங்காலம் எங்கள் வேனுக்கு டீ குடிக்க வந்தார். என் அம்மாவுக்கு இங்கிலீஷ் வராது, அவருக்குத் தமிழ் வராது, இரண்டு பேரும் முறுக்கைப் பற்றி அரை மணி நேரம் பேசினார்கள். அப்புறம் பாட்டி தன் அப்பாவைப் பற்றி வேறு மாதிரி பேச ஆரம்பித்தார்.

வால் கூண்டில் இருப்பவர் பின்பக்கம் பார்த்தே போவார், பின்பக்கம் பார்த்தே வருவார். பாராசூட்கூட அந்தக் கூண்டுக்குள் கொள்ளாது, வெளியே தொங்கும். மைனஸ் நாற்பது குளிர். குண்டு போட்டுவிட்டுத் திரும்பும்போது மற்ற ஆறு பேருக்கும் முன்னால் இருட்டு, வீடு. எரிகிற ஊரைக் கடைசிவரை பார்த்துக்கொண்டே வருவது அவர் ஒருவர்தான். அதைப் பற்றி அவர் வாயே திறந்ததில்லையாம். எல்சான் கதையை மட்டும் நூறு தடவை சொல்வாராம்.

வயதான பிறகு மகளோடு வேனில் வருவார். வேனில் பின்பக்கம் பார்த்த சீட் ஒன்று உண்டு, அதில்தான் உட்காருவார். முன்னால் வா அப்பா, கடல் தெரிகிறது என்றால் வர மாட்டார். பைலட் அடிக்கடி வாலில் இருப்பவரைக் கூப்பிட்டுப் பார்ப்பாராம், உறைந்துவிட்டாரா, உயிரோடு இருக்கிறாரா என்று. அதனால் மகளும் ஓட்டிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல், சத்தமாகக் கேட்பார்: "பின்னாடி சரியா?" அவர் சொல்வார்: "சரி, கேப்டன்."

அவர் போய்ப் பதினோரு வருஷம். பாட்டி இப்போது தனியாகத்தான் ஓட்டுகிறார். இன்னும் கேட்பாராம்.

அன்றிலிருந்து எங்கள் வேனிலும் இது வந்துவிட்டது. என் அம்மாவுக்கு இப்போது காது மந்தம், முட்டி வலி, ஆனாலும் பின்சீட்டுதான் வேண்டும். இன்றைக்கும் இந்த ஹாலில் கடைசி வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

அம்மா! பின்னாடி சரியா?

...சரி. கையைத் தூக்கிவிட்டார். வணக்கம் ஐயா.