கேமரா பாடியை மாற்றுவதா, லென்ஸை மாற்றுவதா?

வணக்கம் நண்பர்களே. இன்றைக்கு இரண்டு படங்களைத் திரையில் போட்டுவிட்டுத்தான் பேசவே ஆரம்பிக்கிறேன். இடது பக்கம் இருப்பது என் அக்கா மகள் மேடையில் ஆடியபோது எடுத்தது. முகம் ஓரளவு தெரிகிறது. கைகள் இரண்டும் புகை மாதிரி கரைந்து போயிருக்கின்றன. வலது பக்கம் இருப்பது மறுநாள் எடுத்தது. அதே மேடை, அதே விளக்கு, அதே பிள்ளை. விரல் நுனி வரைக்கும் பளிச்சென்று இருக்கிறது பாருங்கள்.

இரண்டையும் எடுத்தது ஒரே கேமரா.

முதல் நாள் ராத்திரி வீட்டுக்கு வந்ததும் நான் உட்கார்ந்து தேடியது புதுக் கேமராவைத்தான். சென்சார் (படத்தைப் பதிகிற சில்லு) சின்னது, இருட்டுக்குச் சரிப்படாது, இனி பெரிய சென்சார் உள்ள ஃபுல் ஃப்ரேம்தான் என்று முடிவே கட்டிவிட்டேன். ஒரு நண்பர்தான் தடுத்தார். "வாங்குவது இருக்கட்டும், நாளைக்கு இதை மாட்டிப் பாருங்கள்" என்று தன்னுடைய 50 எம்எம் லென்ஸைக் கையில் கொடுத்தார். எம்எம் என்பது லென்ஸின் குவியத் தூரம், எண் கூடினால் காட்சி நெருங்கி வரும்.

அதனால் என்ன மாறியது என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். என்னிடம் இருந்தது கேமராவோடு வந்த 18-55 கிட் லென்ஸ். 55-க்கு ஜூம் செய்தால் அது எஃப் 5.6-க்கு மேல் திறக்காது (எஃப் எண் சின்னதாக ஆக லென்ஸின் துவாரம் பெரிதாகி வெளிச்சம் கூடும்). அதனால் ஐஎஸ்ஓவை, அதாவது வெளிச்சத்துக்கான உணர்திறனை, 6400 வரை ஏற்றியும் ஷட்டர் வேகம் 1/40 நொடிதான் கிடைத்தது. ஆடுகிற கை 1/40 நொடிக்குள் எவ்வளவோ தூரம் போய்விடும். நண்பரின் லென்ஸ் எஃப் 1.8. 5.6-ஐ 1.8-ஆல் வகுத்து, வந்த விடையை அதே எண்ணால் பெருக்குங்கள், 9.7 வரும். அதாவது கிட்டத்தட்ட பத்து மடங்கு வெளிச்சம். ஐஎஸ்ஓவை 3200 என்று பாதியாக இறக்கிய பிறகும் 1/200 நொடி கிடைத்தது. அந்த வேகத்தில் கை நின்றுவிட்டது.

இரண்டு லென்ஸையும் கிட்டே காட்டுகிறேன். இப்படி நேராக உள்ளே பாருங்கள். கிட் லென்ஸில் 55-க்கு ஜூம் செய்து, அப்பர்ச்சரை, அதாவது வெளிச்சம் போகிற துவாரத்தை, முழுவதும் திறந்துவிட்டுப் பார்த்தால் துவாரத்தின் குறுக்களவு சுமார் 10 மில்லிமீட்டர்தான், ஒரு சட்டைப் பொத்தான் அளவு. இந்த 50 எம்எம்மில் சுமார் 28 மில்லிமீட்டர். என் கட்டைவிரலை வைத்தாலும் சுற்றி இடம் மிச்சம் இருக்கிறது. லென்ஸின் எம்எம்மை எஃப் எண்ணால் வகுத்தால் வருவது இந்தத் துவாரத்தின் அளவுதான். எஃப் எண் சின்னதாக ஆக ஓட்டை பெரிதாவது ஏன் என்று குழம்புகிறவர்களுக்கு இதைக் காட்டினால் போதும், உடனே புரிந்துவிடும்.

சரி, அன்றைக்கு நான் ஃபுல் ஃப்ரேம் பாடியை, அதாவது லென்ஸ் இல்லாத கேமராவை, வாங்கியிருந்தால்? ஃபுல் ஃப்ரேம் சென்சார் 36க்கு 24 மில்லிமீட்டர். என்னுடைய கேமராவில் இருக்கிற ஏபிஎஸ்-சி என்ற சின்ன வகை சென்சார் சுமார் 23.5க்கு 15.6. பரப்பளவில் பார்த்தால் ஏறக்குறைய 2.4 மடங்கு. அதே எஃப் எண்ணில் இருட்டில் கிடைக்கிற லாபமும் ஏறக்குறைய அவ்வளவுதான், ஒரு ஸ்டாப்பும் கொஞ்சமும் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு). லென்ஸை மாற்றியதில் கிடைத்தது மூன்று ஸ்டாப்புக்கும் மேல். அப்புறம், பாடியை மாற்றினால் அந்தப் பெரிய சென்சாரை முழுக்க மூடுகிற லென்ஸ்களும் தேவைப்படும். செலவும் கூடும், பையின் எடையும் கூடும். அதனால்தான், இப்போதுதான் கற்றுக்கொண்டு வருகிறவர்கள் யார் கேட்டாலும் "முதலில் லென்ஸ்" என்று அடித்துச் சொல்கிறேன்.

ஆனால் எஃப் 1.8-க்கும் ஒரு விலை உண்டு. ஒன்றரை மீட்டர் தூரத்தில் ஒருவர் முகத்தை இந்த லென்ஸை முழுவதும் திறந்து எடுத்தால், தெளிவாக விழுகிற ஆழம் சுமார் 6 சென்டிமீட்டர்தான். கண்ணில் ஃபோகஸ் வைத்தால் காது மங்கிவிடும். அவர் மூச்சு விடும்போது லேசாக முன்னே சாய்ந்தால்கூடக் கண் ஃபோகஸிலிருந்து நழுவப் பார்க்கும். பின்னால் இருப்பதெல்லாம் கரைந்து அழகாக இருக்கிறதே என்று எல்லாப் படத்தையும் 1.8-லேயே எடுக்காதீர்கள். இரண்டு பேரைச் சேர்த்து எடுக்கும்போது எஃப் 4-க்குக் கொண்டு போங்கள்.

மெகாபிக்சலைப் பற்றி அதிகம் பேச மாட்டேன். 24 மெகாபிக்சல் என்றால் 6000க்கு 4000 புள்ளிகள். அங்குலத்துக்கு 300 புள்ளி என்று நெருக்கமாக அச்சிட்டாலும் 20 அங்குல அகலத்துக்கு வரும். 45-க்குப் போனால் எண் இரட்டிப்பானது போலத் தெரியும், ஆனால் அகலத்தில் கூடுவது 1.37 மடங்குதான். மிகப் பெரிதாக அச்சிடாதவர்களும், படத்தை அதிகம் வெட்டி எடுக்காதவர்களும் இதற்காகக் கேமராவை மாற்ற வேண்டியதில்லை.

பாடியை மாற்றியே ஆக வேண்டிய நேரமும் உண்டு. பறவை எடுக்கிறவர்களைக் கேட்டால் தெரியும். உள்ளே கண்ணாடி வைத்த பழைய டிஎஸ்எல்ஆர் கேமராக்கள் பலவற்றில் ஃபோகஸ் புள்ளிகள் நடுவில்தான் குவிந்து கிடக்கும். பறவை ஓரத்துக்குப் பறந்துவிட்டால் பிடி விட்டுப்போகும். அந்தக் கண்ணாடி இல்லாத புதிய மிரர்லெஸ் கேமராக்களில் பலவும் பறவையின் கண்ணைத் தானே கண்டுபிடித்து ஃபிரேமின் விளிம்பு வரைக்கும் துரத்திப் போகின்றன. நல்ல லென்ஸ் போட்டும் பத்துக்கு எட்டுப் படம் ஃபோகஸ் தவறுகிறது என்றால், அங்கே தடையாக இருப்பது பாடி. அப்போது மனநிறைவோடு மாற்றலாம்.

எந்த லென்ஸ் வாங்குவது என்பதற்கு என்னிடம் ஒரு வழி இருக்கிறது. நீங்கள் எடுக்கிற ஒவ்வொரு படத்துக்குள்ளும் அது எத்தனை எம்எம்மில் எடுத்தது என்பது பதிவாகியிருக்கும். கடந்த ஒரு வருஷத்தில் உங்களுக்கே பிடித்த படங்களை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு அந்த எண்ணை வரிசையாகப் பாருங்கள். எனக்கு 35-ஐச் சுற்றித்தான் கூட்டமாக இருந்தது. உடனே வாங்கவில்லை. கிட் லென்ஸை 35-ல் வைத்து, ஜூம் வளையத்தில் ஒரு துண்டு காகித டேப் ஒட்டி ஒரு வாரம் சுற்றினேன். மூன்றாவது நாளே கை ஜூமைத் தேடுவதை நிறுத்திவிட்டது, கால் முன்னும் பின்னும் நகர ஆரம்பித்தது. அதற்குப் பிறகுதான் 35 வாங்கினேன்.

பழைய லென்ஸ் வாங்குவது நல்ல யோசனைதான், நானும் அப்படித்தான் வாங்குகிறேன். பாடியோடு ஒத்துப்போகுமா என்று மட்டும் முன்பே பார்த்துவிடுங்கள். நிகானின் எஃப் மவுண்ட், அதாவது லென்ஸை மாட்டுகிற வாய், 1959-லிருந்து இருக்கிறது, ஆனால் டி3000, டி5000 வரிசை பாடிகளுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. பாடியின் மோட்டாரை நம்பியிருக்கிற ஏஎஃப்-டி வகை லென்ஸை மாட்டினால் படம் எடுக்கலாம், ஃபோகஸைக் கையால்தான் திருப்ப வேண்டும். கேனனில் 1987-ல் வந்த இஎஃப் லென்ஸ்களை, அடாப்டர் இருந்தால் இன்றைய ஆர்எஃப் மவுண்ட் மிரர்லெஸ் பாடிகளிலும் ஆட்டோஃபோகஸோடு பயன்படுத்தலாம்.

இன்னொன்று, டார்ச் இல்லாமல் பழைய லென்ஸ் வாங்கப் போகாதீர்கள். முன்பு ஒருவரிடம் பகல் வெளிச்சத்தில் பார்த்துவிட்டு ஒரு லென்ஸ் வாங்கினேன். கண்ணாடி பளபளவென்று இருந்தது. வீட்டில் பின்பக்கமிருந்து டார்ச் அடித்து, இப்படிச் சாய்த்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, உள் கண்ணாடியின் ஓரத்திலிருந்து சிலந்தி நூல் மாதிரி கிளை கிளையாகப் பூஞ்சை. இதோ, அந்த லென்ஸ்தான் இது. தெரிகிறதா, அந்த வெள்ளை நரம்புகள்? ஆரம்பத்திலேயே கவனித்தால் பிரித்துச் சுத்தம் செய்துவிடலாம். கண்ணாடி மேல் இருக்கிற பூச்சை அரித்துவிட்டால் தடம் போகாது. அதிலிருந்து என் லென்ஸ்களைக் காற்றுப் புகாத டப்பாவில் சிலிகா ஜெல்லோடு வைக்கிறேன். உள்ளே ஒரு சின்ன ஈரப்பத மீட்டரும் இருக்கிறது. அது 40-க்கும் 50 சதவீதத்துக்கும் நடுவில் நின்றால் எனக்குத் தூக்கம் வரும்.

அடுத்த வாரம் இந்த 35-ஐ மட்டும் எடுத்துக்கொண்டு ஒரு நாள் முழுக்க எடுத்த படங்களைக் காட்டுகிறேன், சொதப்பியவை உட்பட. வெளிச்சம் இறங்குகிறது, நான் கிளம்புகிறேன்.