பீரோவை முதலில் சுவரோடு கட்டுங்கள்

நேயர்களுக்கு வணக்கம். பணியிடத்தில் நிலநடுக்க முன்னேற்பாடு பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். தொழிற்சாலைப் பாதுகாப்புப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். நிலநடுக்கம் என்று நான் வாயைத் திறந்தாலே பழைய சகாக்கள் சிரிப்பார்கள். "ஆரம்பிச்சுட்டாருய்யா, இனிமே பீரோதான்" என்பார்கள். சரி, பீரோவுக்கு வருகிறேன். அதற்கு முன்னால் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிவிட வேண்டும்.

நம்ம ஊர்ல ஏது சார் நிலநடுக்கம்? எங்கே போய்ப் பேசினாலும் முதலில் வருகிற கேள்வி இதுதான். 2012 ஏப்ரல் 11 ஞாபகம் இருக்கிறதா? புதன்கிழமை, மதியச் சாப்பாட்டு நேரம். சுமத்ராவுக்கு மேற்கே கடலுக்கு அடியில் 8.6 அளவில் ஒரு நிலநடுக்கம். சென்னையிலிருந்து ஏறக்குறைய 1,800 கிலோமீட்டர் தள்ளி. ஆனாலும் சென்னையில் அடுக்குமாடி அலுவலகங்களில் இருந்தவர்கள் ஆட்டத்தை உணர்ந்து சாலைக்கு வந்துவிட்டார்கள். அதே நேரத்தில் கீழே டீக்கடையில் நின்றவர்களைக் கேட்டால், "என்ன ஆச்சு, ஏன் எல்லாரும் இறங்கி வர்றாங்க?" என்றுதான் கேட்டார்கள். வெகுதூரம் பயணம் செய்து வரும் அதிர்வில் வேகமான குலுக்கலெல்லாம் வழியிலேயே அடங்கிவிடும். மெதுவான ஆட்டம்தான் மிஞ்சும். அந்த மெதுவான ஆட்டத்துக்கு உயரமான கட்டடம்தான் ஈடுகொடுத்து ஆடும். தென்னை மரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அடிமரம் சும்மா இருக்கும், உச்சி ஆடிக்கொண்டிருக்கும்.

தூரத்து ஆட்டம் மட்டும்தான் என்றும் இல்லை. 2001 செப்டம்பர் 25 இரவு புதுச்சேரிக்கு அப்பால் கடலிலேயே 5.5 அளவில் ஒன்று வந்தது. சென்னை நன்றாகவே குலுங்கியது. மறுவருடம் கட்டடங்களுக்கான இந்திய நிலநடுக்கத் தரநிலையைத் திருத்தியபோது சென்னையை இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு மாற்றினார்கள். மண்டல எண் கூடக் கூட ஆபத்தும் கூடும். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. அந்தத் தரநிலையில் குஜராத்தின் கட்ச் இருந்தது ஐந்தாம் மண்டலத்தில், நாம் அந்த இடத்தில் இல்லை. ஆனால் நமக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்ல முடியாது, அவ்வளவுதான்.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த கதை. பிடித்த கதை என்று சொல்லக்கூடாது, மூன்று உயிர் போன கதை. ஆனால் எந்தப் பயிற்சி வகுப்பிலும் இதைச் சொல்லாமல் நான் விட்டதில்லை.

அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் சில்மார் என்று ஒரு இடம். அங்கே ஓலிவ் வியூ என்ற மருத்துவமனை. புத்தம் புதுக் கட்டடம், அப்போதுதான் பயன்பாட்டுக்கு வந்திருந்தது. 1971 பிப்ரவரி 9, காலை ஆறு மணி. 6.6 அளவில் நிலநடுக்கம். கட்டடத்தின் நான்கு பக்கமும் வெளியே ஒட்டினாற்போல் மாடிப்படிக் கோபுரங்கள் இருந்தன. நான்கில் மூன்று கட்டடத்தை விட்டுப் பெயர்ந்து சாய்ந்துவிட்டன. ஆட்டத்தின்போது யாராவது படியில் ஓடிக்கொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும், நினைத்துப் பாருங்கள். ஆம்புலன்ஸ்கள் நிற்கும் கூரை அப்படியே வண்டிகள் மேல் உட்கார்ந்துவிட்டது. உதவிக்குப் போகவேண்டிய வண்டிகள் நசுங்கிக் கிடந்தன. மூன்று பேர் இறந்தார்கள். இரண்டு நோயாளிகள், மின்சாரம் போய் உயிர்காக்கும் கருவி நின்றதால். மூன்றாமவர் அங்கே வேலை பார்த்தவர். கட்டடத்தை விட்டு வெளியே போக முயன்றபோது இடிந்த பகுதி அவர்மேல் விழுந்தது.

கதை இதோடு முடியவில்லை. மருத்துவமனைகளுக்கென்றே கலிபோர்னியாவில் 1973-ல் தனிச் சட்டம் வந்தது. அதே இடத்தில் ஓலிவ் வியூவை மறுபடியும் கட்டினார்கள். இந்த முறை எஃகுத் தகட்டுச் சுவர்களெல்லாம் வைத்து, அசைக்க முடியாதபடி. 1994 ஜனவரி 17, விடியற்காலை நாலரை மணி. நார்த்ரிட்ஜ் நிலநடுக்கம், 6.7. கட்டடம் கம்பீரமாக நின்றது. தூணுக்கு, சுவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் நோயாளிகளை வெளியேற்ற வேண்டியதாயிற்று. ஏன் தெரியுமா? தண்ணீர். தீயணைப்புக்காகக் கூரையில் ஓடும் ஸ்பிரிங்ளர் குழாய், ஏசிக்குக் குளிர்ந்த நீர் போகும் குழாய், இவை உடைந்து மாடி மாடியாகத் தண்ணீர் கொட்டியது. பல கோடி செலவில் கட்டடத்தைக் காப்பாற்றிவிட்டார்கள், குழாய் தோற்கடித்துவிட்டது.

நான் சொல்ல வந்ததே இதுதான். கட்டடத்தைப் பார்த்துச் சொல்லக் கட்டமைப்புப் பொறியாளர் இருக்கிறார். அது முதலாளி செய்ய வேண்டிய செலவு, செய்துதான் ஆகவேண்டும். 2001 குடியரசு நாளன்று பூஜ் நிலநடுக்கத்தில், இருநூறு கிலோமீட்டருக்கும் மேல் தள்ளியிருந்த அகமதாபாத்தில் மாடிக் கட்டடங்கள் விழுந்தன. அவற்றில் பல, கீழ்த்தளத்தில் கார் நிறுத்த இடம் விட்டு வெறும் தூண்கள்மேல் நின்றவை. அது பெரிய விஷயம், தனி உரையே வேண்டும். ஆனால் கட்டடத்துக்கு உள்ளே இருக்கும் சாமான் நம் கையில் இருக்கிறது. இன்றைக்கு மதியமே அதைச் சரி செய்யலாம்.

பீரோ. வந்துவிட்டேன் பாருங்கள். நீங்கள் இப்போது வேலை செய்யும் இடத்தில் உட்கார்ந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்தால் கொஞ்சம் தலையைத் திருப்பிப் பாருங்கள். வண்டி ஓட்டிக்கொண்டு கேட்பவர்கள் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். உங்கள் முதுகுக்குப் பின்னால் ஆளுயர இரும்பு பீரோ இருக்கிறதா? அதன் தலையில் என்ன இருக்கிறது? பழைய கோப்புக் கட்டு, ஓடாத பிரிண்டர், ஆயுத பூஜைக்கு வாங்கிய குத்துவிளக்கு?

ஒரு அலுவலகத்துக்குப் பாதுகாப்புச் சோதனைக்குப் போயிருந்தேன். எந்த அலுவலகம் என்பது வேண்டாம். பதிவேட்டு அறையில் ஆங்கிள் ரேக் வரிசையாகக் கூரை வரைக்கும் நிற்கிறது. கனமான லெட்ஜரெல்லாம் மேல் தட்டில். காரணம் கேட்டால், கீழ்த்தட்டில் கரையான் வரும் என்றார்கள். நியாயமான காரணம்தான். ரேக்குக்கும் சுவருக்கும் நடுவில் மேசை போட்டு ஒரு அம்மா வேலை பார்க்கிறார். வெளியே போக ஒரே கதவு, அதுவும் உள்பக்கமாகத் திறக்கிறது, கதவுக்குப் பக்கத்தில் இரண்டு பீரோ. நான் ஒரு பீரோவின் மேல்முனையில் கை வைத்துத் தள்ளினேன். லேசாக ஆடியது. பொறுப்பாளர் சொன்னார்: "சார், இருபது வருஷமா இதே இடத்துலதான் நிக்குது. யாரையும் ஒண்ணும் பண்ணலையே." அந்த அம்மா மட்டும் நிமிர்ந்து பார்த்து, "தம்பி, அத முதல்ல கட்டுங்க" என்றார். மறுநாளே எலக்ட்ரீஷியனை வைத்துக் கட்டினார்கள். நான் சொன்னதால் அல்ல, அம்மா சொன்னதால்.

எப்படிக் கட்டுவது? பெரிய வித்தை ஒன்றும் இல்லை. பீரோவின் மேல்பகுதியில் இரண்டு எல் ஆங்கிள், சுவரில் ஆங்கர் போல்ட். செங்கல் சுவர் அல்லது கான்கிரீட் சுவராக இருக்க வேண்டும். பிளைவுட் தடுப்பில் திருகிவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள், பீரோ விழும்போது தடுப்பையும் சேர்த்து இழுத்துக்கொண்டு விழும். ரேக் அறை நடுவில் நின்றால் தரையோடு போல்ட் போட்டு, ஒரு வரிசையின் தலையை எதிர் வரிசையின் தலையோடு ஆங்கிளால் இணைத்துவிடுங்கள். கனம் கீழே, லேசானது மேலே. கரையானுக்கு மருந்து அடியுங்கள். கதவுப் பக்கத்தில் உயரமான எதுவும் வேண்டாம். பீரோ ஆள்மேல் விழாமலே இருக்கலாம், கதவுக்குக் குறுக்கே விழுந்தால் அறையில் இருக்கும் அத்தனை பேரும் உள்ளேதான். ஒரு பீரோவுக்குச் சில நூறு ரூபாய் செலவு, அரை மணி நேர வேலை. திருப்பிச் சொல்கிறேன், முதலில் பீரோ.

பீரோ என்று நான் சொன்னால் அந்த ரகத்தைச் சேர்ந்த எல்லாமும்தான். யுபிஎஸ் பேட்டரி அடுக்கு. கேன்டீன் சிலிண்டர், அதற்குச் சங்கிலி. ஆய்வுக்கூடத்தில் அமில பாட்டில், அலமாரித் தட்டின் விளிம்பில் ஒரு கம்பி ஓடினால் போதும், உருண்டு விழாது. ஃபால்ஸ் சீலிங்கின் சட்டத்தில் சும்மா உட்கார்ந்திருக்கும் விளக்குப் பெட்டி, அதற்கு மேல்கூரையிலிருந்து தனிக்கம்பி.

அடுத்து, ஆட்டம் வரும்போது என்ன செய்வது. ஓடக்கூடாது. சொல்வது சுலபம், கால் கேட்காது. 2012-ல் பலர் இறங்கி ஓடிவந்து எங்கே நின்றார்கள் தெரியுமா? கட்டடத்தின் கண்ணாடிச் சுவருக்கு நேர் கீழே. தலைக்கு மேலே கண்ணாடி, பெயர்ப்பலகை, பிராக்கெட்டில் தொங்கும் ஏசிப் பெட்டி. வெளியே வந்துவிட்டால் தப்பித்தோம் என்பது எப்போதும் சரியில்லை. பூஜ் நிலநடுக்கத்தின்போது அஞ்சார் ஊரில் பள்ளிப் பிள்ளைகள் குடியரசு நாள் ஊர்வலமாகக் குறுகலான தெருவில் போய்க்கொண்டிருந்தார்கள். இரண்டு பக்கத்துக் கட்டடங்களும் அவர்கள்மேல் விழுந்தன. எல்லாரும் வெளியேதான் இருந்தார்கள். இதற்கு மேல் அதைப் பற்றிப் பேச எனக்கு முடியவில்லை.

மாடி அலுவலகத்தில் இருந்தால் குனிந்து, உறுதியான மேசைக்கு அடியில் போய், மேசைக் காலைப் பிடித்துக்கொள்ளுங்கள். மேசை நகரும், நீங்களும் கூடவே நகர வேண்டும், அதற்குத்தான் பிடித்துக்கொள்ளச் சொல்வது. மேசை இல்லையா, கண்ணாடியை விட்டு விலகி உள்சுவர் ஓரமாக உட்கார்ந்து தலையையும் பிடரியையும் கையால் மூடிக்கொள்ளுங்கள். ஆட்டம் நின்ற பிறகு படி வழியாக, லிஃப்ட் வேண்டாம், திறந்தவெளிக்குப் போங்கள். ஓட்டுக்கூரை, மண்சுவர், வாசலைத் தாண்டினால் மைதானம் என்கிற மாதிரி இடமா? அங்கே வெளியே வந்துவிடுவதுதான் புத்திசாலித்தனம். இடத்தைப் பார்த்து முன்கூட்டியே முடிவு செய்துகொள்ள வேண்டிய விஷயம் இது.

இதை ஒத்திகை பார்க்காமல் உடம்பு கற்றுக்கொள்ளாது. ஜப்பானில் செப்டம்பர் 1 அதற்கென்றே ஒரு நாள். 1923-ல் அந்தத் தேதியில், மதியம் பன்னிரண்டுக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது தோக்கியோ பக்கம் பெரும் நிலநடுக்கம். வீட்டுக்கு வீடு சமையல் நடந்துகொண்டிருந்த நேரம், தீப்பிடித்து நகரமே எரிந்தது. ஆகவே கேன்டீனில் கேஸ் வால்வை மூடுவது யார் வேலை என்று பெயர் குறித்து வையுங்கள். அவர் லீவு போட்டால் யார் என்பதையும் சேர்த்து.

ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், இரண்டு நிமிடம்தான் என்று இரண்டு விரல் காட்டுகிறார்கள். பீரோ நேரத்தைத் தின்றுவிட்டது. கடைசி விஷயத்தை ஓட்டமாகச் சொல்கிறேன். 2011 மார்ச் 11, ஜப்பானில் பெரும் நிலநடுக்கம். ரயில்கள் நின்றுபோய் தோக்கியோ வட்டாரத்தில் 50 லட்சம் பேருக்கு மேல் அன்று வீடு திரும்ப முடியவில்லை. அதற்குப் பிறகு தோக்கியோ நிர்வாகம் ஒரு விதி கொண்டுவந்தது, 2013 ஏப்ரலிலிருந்து நடைமுறை. ஆட்களை உடனே வீட்டுக்கு அனுப்பிச் சாலையை அடைக்காதீர்கள், மூன்று நாளைக்குத் தண்ணீரும் சாப்பாடும் அலுவலகத்திலேயே வையுங்கள் என்று. ஆளுக்கு ஒரு நாளைக்கு மூன்று லிட்டர் தண்ணீர் கணக்கு. நாம் ஒரு நாளைக்காவது வைக்கலாம். வீட்டாருக்குக் குறுஞ்செய்தி அனுப்புங்கள், எல்லாரும் ஒரே நேரத்தில் பேச முயன்றால் லைன் கிடைக்காது. முக்கியமான எண்களைக் காகிதத்தில் எழுதி ஒட்டுங்கள். மாநில அவசர உதவிக்கு 1070, மாவட்டத்துக்கு 1077. முதலுதவிப் பெட்டி எங்கே இருக்க வேண்டும் என்று ஒன்று சொல்ல நினைத்தேன், நேரமில்லை. பூட்டிய பீரோவுக்குள் மட்டும் வைக்காதீர்கள். வணக்கம்.