மூன்று இடத்தில் நின்று பாடிய பாட்டு: பாரிஸ், 1800 ஜூலை 14

[திரையில்: இன்வாலிட் வளாகத்தின் குவிமாடம்]

வணக்கம். பாரிஸ் நகரத்து இன்வாலிட் தேவாலயம் இது. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் இதைப் போர்க்கடவுள் மார்ஸின் ஆலயம் என்று பெயர் மாற்றி வைத்திருந்தார்கள். 1800 ஜூலை 14 தேசியத் திருநாளுக்காக இசையமைப்பாளர் எட்டியென் மெஹூல் எழுதிய காண்டாட்டா அரங்கேறியது இங்கேதான். கவிதை லூயி த ஃபோன்தானுடையது.

காண்டாட்டா என்பது பாடுவதற்கென்றே எழுதப்படும் நீண்ட இசைப் படைப்பு. தனிக்குரல் வரும், சேர்ந்திசை வரும், கூடவே வாத்தியங்கள் வரும். ஓபராவில் இருக்கிற வேஷமும் நடிப்பும் இதில் கிடையாது.

[திரையில்: 1790 விழாவின் பழைய ஓவியம்]

பாரிஸின் பாஸ்டில் சிறை வீழ்ந்தது 1789 ஜூலை 14-ல். மறு வருஷமே அந்த நாளைத் திறந்தவெளியில் பெரும் விழாவாகக் கொண்டாடினார்கள். வெட்டவெளியில் வயலின் எடுபடாது. அதனால் புரட்சி விழாக்களுக்கு எழுதிய இசையில் ஊதுகருவிகளும் முரசுகளுமே கோலோச்சின. மெஹூலுக்குக் கிடைத்ததோ கல்லால் கட்டிய, எதிரொலிக்கிற மண்டபம். அவர் அந்தக் கட்டடத்தையே ஒரு வாத்தியமாக்கிக்கொண்டார்.

[திரையில்: தேவாலயத்தின் தரைப்படம், மூன்று புள்ளிகள்]

மெஹூல் வைத்தது மூன்று பாடகர் குழு, ஒவ்வொன்றுக்கும் ஒரு வாத்தியக் குழு, மூன்றும் தனித்தனி இடத்தில். கேட்க எளிதாக இருக்கிறது, எழுதிப் பார்த்தால்தான் சிக்கல் தெரியும். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். இரண்டு குழுக்களுக்கு நடுவே 34 மீட்டர் இருந்தால், ஒன்றின் பாட்டு மற்றதற்கு நொடியில் பத்தில் ஒரு பங்கு தாமதமாகக் கேட்கும். விரைவான பாட்டில் இந்தத் தாமதம் போதும், சொல்லெல்லாம் குழம்பிவிடும். இப்படிப்பட்ட இடத்துக்கு எழுதுகிறவர் ஒரு குழு முடிக்கிற இடத்தில் இன்னொன்றை எடுக்க வைக்கலாம். எல்லோரும் சேர்கிற இடத்தில் நிதானமான, அகன்ற சுரக்கூட்டுகளை வைக்கலாம். கட்டடம் எதிரொலித்து முடிக்க நேரம் வேண்டும் அல்லவா?

என்னை மிகவும் ஈர்ப்பது மூன்றாவது குழு. அதில் பெண் குரல்கள் மட்டும்தான். துணைக்கு யாழ் போன்ற ஹார்ப் இரண்டு, ஹார்ன் என்ற ஊதுகருவி ஒன்று, அவ்வளவே. ராணுவ வெற்றியைப் பாடுகிற விழாவில் இவ்வளவு மென்மையான ஒலியை வைக்கத் துணிச்சல் வேண்டும்.

அந்த விழாவில் துக்கமும் கலந்திருந்தது. சரியாக ஒரு மாதம் முன்பு, ஜூன் 14 அன்று, மாரெங்கோ போரில் நெப்போலியன் வென்றிருந்தார். அந்தப் போரில் தளபதி தெஸே உயிரிழந்தார். கவிதை அவரைப் பெயர் சொல்லி அழைத்து இரங்குகிறது. திருநாள் பாட்டுக்குள் ஒரு ஒப்பாரி.

[திரையில்: பெர்லியோஸ் உருவப்படம்]

அதே ஆண்டு செப்டம்பரில், அதே கட்டடத்துக்கு, நான்கு குழுக்களை வைத்து எழுதினார் லெ சுயர் என்ற இன்னொரு இசையமைப்பாளர். அவருடைய மாணவர்தான் இசையமைப்பாளர் பெர்லியோஸ். 1837-ல் இதே இன்வாலிடில் பெர்லியோஸின் ரெக்வியம், அதாவது இறந்தவர்களுக்கான வழிபாட்டு இசை, அரங்கேறியபோது நான்கு திசையிலிருந்து பித்தளைக் கருவிகள் முழங்கின. அந்த முழக்கத்தைப் பெர்லியோஸின் தனிக் கண்டுபிடிப்பு என்று புகழ்கிறவர்கள் உண்டு. அவருக்கு 37 வருஷம் முன்பே மெஹூல் அங்கே குரல்களைப் பிரித்து நிறுத்திப் பாட வைத்துவிட்டார்.