காதலைச் சொன்ன பிறகு என்ன?

(ஒரு கல்லூரி மாணவர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். பின்னால் நிற்பவர்கள் முன்னால் வந்துவிடுங்கள், இடம் இருக்கிறது.

என்னைப் பேசக் கூப்பிட்ட தம்பி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "அண்ணா, ராத்திரியெல்லாம் முழித்து 12 எபிசோடு பார்க்கிறோம், கடைசியில் கையைக்கூடப் பிடிக்காமல் முடித்துவிடுகிறார்கள். மனசு நிறைகிற மாதிரி காதல் அனிமே எதுவுமே கிடையாதா?" இருக்கிறது தம்பி, அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன். ஆனால் ஏன் அப்படிப் பாதியில் நிற்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், அது தெரிந்தால் எதைத் தேடுவது என்று உங்களுக்கே பிடிபடும்.

பெரும்பாலான காதல் அனிமேக்கள், அதாவது ஜப்பானிய அனிமேஷன் தொடர்கள், மங்கா என்கிற ஜப்பானியச் சித்திரக்கதையிலிருந்து வருபவை. மங்கா வெளிவந்துகொண்டிருக்கும்போதே அனிமே எடுத்துவிடுகிறார்கள், அதுவும் 12, 13 எபிசோடு, மூன்று மாத ஒளிபரப்பு. மீதிக் கதையை மங்காவில் தேடிப் போக வேண்டியதுதான். 'கிமி நி தொதோகே'யை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் சீசன் 2009, இரண்டாவது 2011, மூன்றாவது 2024. நடுவில் 13 வருஷம்! மங்காவோ 2017-லேயே முடிந்துவிட்டது. பேய்ப்படத்து சதாகோ என்று வகுப்பே பட்டப்பெயர் வைத்து ஒதுக்கிய சவாகோ, தன்னோடு ஒருவன் சாதாரணமாகப் பேசியதற்கே கண்கலங்குகிற சவாகோ, அவளை அப்படியே விட்டுவிட்டு 13 வருஷம் காத்திருந்த கூட்டத்தில் நானும் ஒருவன். மூன்றாவது சீசன் வந்த அன்று வேறு எந்த வேலையும் பார்க்கவில்லை.

இன்னொரு காரணமும் இருக்கிறது. காதலைச் சொல்வதற்கு ஜப்பானில் 'கொகுஹாகு' என்று தனிப் பெயரே உண்டு. உன்னைப் பிடிச்சிருக்கு, என்னோடு பழகுவாயா என்று நேரில் நின்று வாய்விட்டுக் கேட்டு, எதிரில் இருப்பவர் சரி என்ற பிறகுதான் இருவரும் ஜோடி. கதை எழுதுபவர்களுக்கு அது வசதியான உச்சக்கட்டமாகிவிடுகிறது, அதை நோக்கியே இழுத்துக்கொண்டு போய் அங்கேயே திரையைப் போட்டுவிடுகிறார்கள். அதற்கப்புறம் அந்த இரண்டு பேரும் எப்படி இருந்தார்கள், சண்டை வந்ததா, வேலை கிடைத்ததா, அதைக் காட்டும் கதைகள்தான் என் மனசை நிறைத்தவை.

அதில் என் முதல் சிபாரிசு பழையது. ருமிகோ தகஹாஷியின் 'மேசான் இக்கோக்கு'. 1986-லிருந்து 1988 வரை ஒளிபரப்பானது, மொத்தம் 96 எபிசோடு. எண்ணிக்கையைக் கேட்டு எழுந்து போய்விடாதீர்கள். ஒரு பழைய மரக் குடியிருப்பு, அதில் ஐந்தாம் எண் அறையில் கோதாய், பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் தோற்று மறுபடி படிக்கிற பையன். புது மேலாளராக வருகிறாள் க்யோகோ. அவள் கையோடு கூட்டி வந்த வெள்ளை நாயின் பெயர் சோய்ச்சிரோ. அது அவளுடைய இறந்துபோன கணவனின் பெயர் என்று பிறகுதான் கோதாய்க்குத் தெரிகிறது. கதையில் பெரும்பாலோர் பெயரில் ஓர் எண் ஒளிந்திருக்கும். முதல் அறை இச்சினோசே, நாலாம் அறை யோட்சுயா, ஐந்து கோதாய், ஆறாம் அறை ரொப்பொங்கி. க்யோகோவின் குடும்பப் பெயர் ஒதொனாஷி, அதில் இருப்பது இல்லாமை. சுழி. அதுவும் செத்துப்போன கணவன் வழியாக வந்த பெயர்.

செல்போன் இல்லாத காலம், ஒரு அழைப்பைத் தவறவிட்டால் ஒரு வாரத்துக்குத் தப்பர்த்தம். பையன் பாஸாகிறான், படிக்கிறான், வேலை கிடைக்காமல் அலைகிறான், குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற வேலையில் தனக்குப் பொருத்தமானதைக் கண்டுபிடிக்கிறான். மங்கா 1980-லிருந்து 1987 வரை வந்தபோது அவர்களுக்கும் கிட்டத்தட்ட அதே வேகத்தில் வயது ஏறியது. இப்போது கொஞ்சம் ஸ்பாய்லர் சொல்லப்போகிறேன், வேண்டாதவர்கள் காதைப் பொத்திக்கொள்ளலாம். கடைசிப் பகுதியில் கோதாய் தனியாக சோய்ச்சிரோவின் கல்லறைக்குப் போகிறான். உங்கள் மேல் எனக்குப் பொறாமை என்று ஒத்துக்கொள்கிறான், நான் பார்த்த நாளிலிருந்தே அவள் மனதில் நீங்கள் இருந்தீர்கள், அதனால் உங்களையும் சேர்த்தே அவளை ஏற்றுக்கொள்கிறேன் என்கிறான். அவனுக்குப் பின்னால் நின்று க்யோகோ கேட்டுக்கொண்டிருக்கிறாள். அதற்கு முன்பே, கல்யாணத்துக்குச் சம்மதிக்கும்போது, அவள் அவனிடம் கேட்டது ஒன்றுதான்: ஒரே ஒரு நாளாவது என்னைவிட அதிகமாக உயிரோடு இருந்துவிடு. ஒரு முறை புருஷனைப் பறிகொடுத்தவள் வேறு என்ன கேட்பாள்? அந்த ஒரு வரி நெஞ்சில் இறங்க 90 எபிசோடு தேவைப்பட்டது, அதில் ஒன்றைக்கூட நான் வீண் என்று சொல்லமாட்டேன்.

சரி, அவ்வளவு நேரம் இல்லை என்பவர்களுக்கும் இருக்கிறது. சீக்கிரம் ஜோடி சேரவேண்டும் என்றால் 'ஓரே மோனோகதாரி', 2015, 24 எபிசோடு. மலை மாதிரி உடம்புள்ள தகேயோவும் சின்னஞ்சிறு யமாதோவும் மூன்றாவது எபிசோடிலேயே சேர்ந்துவிடுகிறார்கள், மீதி 21 எபிசோடும் அவர்கள் ஒருவரை ஒருவர் சந்தோஷப்படுத்துவதுதான், கூடவே சுனா மாதிரி ஒரு நண்பன். 'தோராதோரா' 25 எபிசோடில் கதையை முழுசாக முடித்துவிடுகிறது, ஆரம்பத்து அடிதடியைப் பொறுத்துக்கொண்டால் போதும். 'க்ளனாட் ஆஃப்டர் ஸ்டோரி' கல்யாணத்துக்குப் பிறகும் போகிறது, ஆனால் கையில் கைக்குட்டை இல்லாமல் உட்காராதீர்கள். முதல் சீசன் பார்க்காமல் அதற்குள் நுழையவும் கூடாது.

கடைசியாக 'ட்சுகி கா கிரெய்'. 2017, வெறும் 12 எபிசோடு, மங்காவிலிருந்து வராமல் அனிமேக்காகவே எழுதிய கதை, அதனால் முடிவு அதன் கையிலேயே இருக்கிறது. கவாகோயே ஊரில் ஒன்பதாம் வகுப்பு வயதுப் பிள்ளைகள் இருவர். கோதாரோ எழுத ஆசைப்படுகிறவன், சந்தோஷம் வந்தால் அறையில் தொங்குகிற விளக்குக் கயிற்றைக் குத்துச்சண்டைக்காரன் மாதிரி குத்துவான். அகானே 100 மீட்டர் ஓடுகிறவள், பதற்றம் வந்தால் சர்க்கரைவள்ளிக்கிழங்கு வடிவத்தில் ஒரு குட்டிப் பொம்மையைக் கையில் வைத்துப் பிசைந்துகொண்டே இருப்பாள் (அந்த ஊருக்கு அந்தக் கிழங்குதான் பேர்). நிலா என்பதற்கு ஜப்பானில் ட்சுகி. நிலவைப் பார்த்தபடி நிற்கிற கோதாரோவின் வாயில் அந்த ட்சுகியே 'ட்சுகியத்தே' என்று நீண்டுவிடுகிறது, என்னோடு பழகுவாயா என்று அர்த்தம். பாருங்கள், பையன் கவிதை சொல்ல நினைத்திருப்பான், வந்தது கேள்வி.

அகானே குடும்பம் சிபா பக்கம் குடிபோகிறது. அவளோடு சேர அங்கே உள்ள பள்ளிக்கு விழுந்து விழுந்து படித்துத் தேர்வு எழுதுகிறான், கிடைக்கவில்லை. அப்புறம் இரண்டு ஊர், நடுவில் ரயில். அவர்கள் கதையையே அவன் எழுதி இணையத்தில் போடுகிறான், தலைப்பு '13.70', அவள் 100 மீட்டர் ஓடிய நேரம்.

பன்னிரண்டாவது எபிசோடில் பாட்டு ஆரம்பித்து எழுத்து ஓடும்போது முடிந்துவிட்டது என்று மூடிவிடாதீர்கள். அதில்தான் வருஷங்கள் போகின்றன, அவர்கள் போனில் அனுப்பிக்கொண்ட சின்னச் சின்னச் செய்திகளாக, படங்களாக. கடைசிப் படத்தில் மூன்று பேர் இருக்கிறார்கள்.